அலமாரிக் கதவு அடம் பிடிக்கிறதா?

ஐப்பசி மழை பிடித்ததும் தாம்பரம், குரோம்பேட்டை வீடுகளில் அலமாரிக் கதவு திறக்க மறுப்பது உண்டல்லவா? ஈரக் காற்றில் மரம் அகலவாட்டில் உப்புவதே காரணம். நல்ல கதவில், குறுகிய சட்டங்களின் காடிக்குள் நடுப்பலகையை வஜ்ரம் போடாமல், உப்ப இடம் விட்டுச் செருகுவார்கள். ஒட்டிவிட்டால் பலகை வெடிக்கும். அல்லது சட்டம் விலகும்.

மேஜை நடுவே கத்தி சுழலும் 'ஷேப்பர்' இயந்திரம், சட்டத்தின் ஓரத்தில் காடியும் குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்கும் வெட்டும். கத்தியின் உயரம் மயிரிழை பிசகினாலும் கதவின் முகம் சமமாக இராது. ஆகவே, அதே கனமுள்ள கழிவுத் துண்டில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பதே முதல் வேலை. சிறு துண்டைக் கையால் தள்ளினால் விரலுக்கு ஆபத்து. பிடியில் இறுக்கியே தள்ள வேண்டும்.

கதவுக்குச் சொல்லும்போது, சகோதரிகளே, "நடுப்பலகைக்கு வஜ்ரம் உண்டா, ஆசாரியாரே?" என்று கேளுங்கள். "கிடையாது, அம்மா" என்றால் தைரியமாக அச்சாரம் கொடுக்கலாம்!