தலக்கோனாவுக்கு எந்தப் பழைய வண்டி?

திருப்பதியிலிருந்து சந்திரகிரி, ரங்கம்பேட்டை தாண்டி பாக்கராபேட்டை காட் ஏறி இறங்கினால் தலக்கோனா. 270 அடி உயர அருவி. அறுபது கிலோமீட்டருக்குள் முடிகிற பயணம். தார் போட்ட தூரம் வரைக்கும் ஸ்ப்ளெண்டரிலேயே குடும்பத்தோடு போய்வருகிறவர்கள் ஏராளம். அதனால், அட்வெஞ்சர் பைக் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் விற்க ஒரு வண்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனாலும் அந்த ஆசைக்கு நியாயம் உண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நெடுஞ்சாலையை விட்டு அரை மணி நேரம் விலகினாலே செம்மண் தடமும் ஏரிக்கரையும் ஆற்று மணலும் வந்துவிடும். புத்தூர் பக்கம் கைலாசகோனா, சத்தியவேடு பக்கம் உப்பலமடுகு, நாகலாபுரம் மலை, மேற்கே மதனப்பள்ளியைத் தாண்டி ஹார்ஸ்லி மலை என்று வாரக் கடைசிக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. உயரமான சஸ்பென்ஷனும் பெரிய முன்சக்கரமும் உள்ள வண்டி இந்தப் பாதைகளில் இடுப்பைக் காப்பாற்றும். கேள்வி என்னவென்றால், ஒரு லட்சம், மிஞ்சினால் ஒன்றரை லட்சம் கையில் வைத்திருப்பவர் எதை வாங்குவது?

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை. இந்த நிலத்துக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. மணலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடிகிற எடை, சரிவில் கால் ஊன்ற முடிகிற உயரம், பலமநேரிலோ புத்தூரிலோ இருக்கும் மெக்கானிக்குக் கைபழகிய எஞ்சின். இந்த மூன்றையும் வைத்துச் சலித்தால் பட்டியலில் மிஞ்சுவது இரண்டே வண்டிகள்: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411.

இரண்டையும் பழையதாக வாங்க இது நல்ல காலம். 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தது. 2025 ஜனவரியில் எக்ஸ்பல்ஸ் 210 வந்தது. புதியது வந்ததும் பழையதை விற்றுவிட்டு மாறுகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் கைமாற்றும் வண்டிகள்தான் இப்போது சந்தையில் நிற்கின்றன.

எக்ஸ்பல்ஸ் 2019 மே மாதம் அறிமுகமானது. கார்புரேட்டர் மாடல் அன்றைக்கு 97,000 ரூபாய், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மாடல் 1,05,000. 199.6 சிசி எஞ்சின், 21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளி. எடை 154 கிலோ சொச்சம், பி.எஸ். 6 வந்தபோது ஆயில் கூலர் சேர்ந்து 157 ஆனது. 2021 அக்டோபரில் நான்கு வால்வு எஞ்சின் வந்து 19 குதிரைத்திறனைத் தொட்டது. நெடுஞ்சாலையில் 80, 85 வேகத்தில் நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் முறுக்கினால் ஓடும், ஆனால் விரும்பி ஓடாது. சித்தூரிலிருந்து பெங்களூருக்கு வாராவாரம் போகிறவருக்கு இது சலித்துவிடும்.

அங்கேதான் ஹிமாலயன் வருகிறது. 2016 மார்ச்சில் வெளிவந்த இந்த 411 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் நீளம், 24.5 குதிரைத்திறன்தான் என்றாலும் குறைந்த சுற்றிலேயே 32 நியூட்டன் மீட்டர் இழுவை கிடைத்துவிடும். மொகிலி காட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் கியரைக் குறைக்காமலே தம் கட்டி ஏறும். இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். நம் சராசரி உயரத்துக்கு இரண்டு காலும் ஊன்றும். எக்ஸ்பல்ஸில் அது 823. ஆனால் பி.எஸ். 6 ஹிமாலயன் 199 கிலோ. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை வித்தியாசம். ஆற்று மணலில் வண்டி படுத்து, சுற்றிலும் யாரும் இல்லாத மதிய வெயிலில் அந்த மூட்டையின் கனம் தெரியும்.

ஹிமாலயனில் வருடம் மிக முக்கியம். முதல் வருட வண்டிகள் கார்புரேட்டர். எஞ்சின் சத்தம், கிளட்ச், கோன் செட் என்று அவற்றின் மேல் புகார்கள் நிறைய எழுந்தன. 2017-ல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது, 2018-ல் ஏ.பி.எஸ். சேர்ந்தது, 2020 ஜனவரியில் வந்த பி.எஸ். 6 மாடலில் பின்சக்கர ஏ.பி.எஸ்ஸை மண்பாதையில் அணைத்துவைக்கும் வசதியும் வந்தது. என் கணக்கில், பணம் அனுமதித்தால் 2020-க்குப் பிந்தையதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று 2016 வண்டியை வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் மெக்கானிக் கைக்குப் போகும். இன்னொன்று, இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ் இப்போதும் சிலர் கையில் உண்டு, அழகான வண்டி. ஆனால் 15 வருடப் பதிவுக்காலம் முடிகிற கட்டத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் பாகங்களுக்கு அலைய வேண்டும். கே.டி.எம். 390 அட்வெஞ்சரின் இருக்கை 855 மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்காரர் அதில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது கஷ்டம். ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ். பழையதாக ஆசைகாட்டும் விலைக்கு வரும், சர்வீஸுக்குச் சென்னையோ பெங்களூரோ போகத் தயாராக இருந்தால் வாங்கலாம். சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். நல்ல வண்டி, 2022 ஏப்ரலில்தான் வந்தது என்பதால் இந்தப் பட்ஜெட்டுக்குள் அரிது. கிடைத்தால் விடாதீர்கள், முக்கியமாக நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் உள்ளவர்கள்.

வி-ஸ்ட்ராமுக்கு இன்னொரு சாதகம், அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும். எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் இரண்டிலும் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். வேலிகாத்தான் முள் நிறைந்த இந்த ஊர்ப் பாதைகளில் டியூப் என்றால் பஞ்சர் நிச்சயம். சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்ட முடியாது. ஆனால் கல்லில் மோதி அலாய் விரிசல் விட்டால் புதுச் சக்கரம்தான். ஸ்போக் ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். டியூப் ஒட்டத் தெரியாத பஞ்சர் கடை எந்தக் கிராமத்திலும் கிடையாது. நான் ஸ்போக் பக்கம்தான். ஒரு ஸ்பேர் டியூப்பும் இரண்டு டயர் லீவரும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

இனி எங்கே வாங்குவது என்ற விஷயம். சித்தூர்க்காரருக்கு மூன்று மாநிலச் சந்தைகளும் பக்கம். வேலூர் ஒரு மணி நேரத்துக்குள். சென்னையும் பெங்களூரும் காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பும் தூரம். பெரிய நகரங்களில் வண்டிகள் அதிகம், விலையும் கொஞ்சம் இளகும். ஆனால் அந்த இளக்கத்தில் மயங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஆந்திரப் பதிவெண் வாங்கியே ஆகவேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி., இங்கே புதிதாக லைஃப் டாக்ஸ். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் அந்த விண்ணப்பத்தின் பின்னால் அலையப் பொறுமை வேண்டும். பெட்ரோல் போடத் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவது லாபம், ஆந்திராவில் விலை கூடுதல் என்பதால். வண்டியையே எல்லை தாண்டி வாங்குவது அப்படிப்பட்ட லாபம் இல்லை. பத்தாயிரம் கூடப் போனாலும் ஆந்திரப் பதிவெண் வண்டியே மேல்.

பதிவெண்ணிலேயே ஒரு சேதி இருக்கிறது. 2019 தொடக்கத்தில் ஆந்திர அரசு மாவட்டவாரி எண்களை நிறுத்தி, மாநிலம் முழுக்க ஏபி 39 என்று ஆக்கியது. அதற்கு முன் சித்தூர் மாவட்டத்துக்கு ஏபி 03. ஆகவே ஏபி 03 எண்ணோடு ஒரு ஹிமாலயன் வந்தால், விற்பவர் என்ன வருடம் சொன்னாலும், அது 2019 தொடக்கத்துக்கு முந்தைய வண்டி. ஏபி 39 என்றால் அது ஸ்ரீகாகுளத்து வண்டியாகவும் இருக்கலாம், ஆர்.சி.யில் எந்த அலுவலகம் என்று பாருங்கள்.

ஸ்ரீகாகுளமோ சென்னையோ, கடலோர வண்டி என்றால் உப்புக்காற்று ஸ்போக்கிலும் சைலன்சரிலும் எழுதியிருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய இருசக்கர வாகனங்கள் எண்ணற்றவை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 நவம்பரில் திருப்பதியே வெள்ளத்தில் தத்தளித்தது. மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. அப்படி நின்ற வண்டியை வாட்டர் வாஷ் செய்து பாலிஷ் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. சீட்டைக் கழற்றிப் பேட்டரித் தட்டில் நுண்மணல் படிந்திருக்கிறதா பாருங்கள். வயரிங் கப்ளர்களைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை போல் களிம்பு ஏறியிருக்கும். மீட்டர் கண்ணாடிக்குள் ஆவி, ஹெட்லைட்டுக்குள் சேற்றுக் கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியில் காய்ந்த மண் — இதில் இரண்டு இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

மற்றச் சோதனைகளுக்குக் காலையில் போக வேண்டும், போகிறேன் என்று சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். நேர் நிலையில் சிறு பள்ளத்தில் விழுவது போல் சிக்கினால் கோன் செட் போய்விட்டது. ஹிமாலயனில் இதைப் பார்க்காமல் பேரம் பேசவே கூடாது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு இருந்தால் சீல் மாற்ற வேண்டும், செம்மண் தூசி அதை வேகமாகத் தின்றுவிடும். ஒரு ஸ்பேனரால் ஸ்போக்குகளை வரிசையாகத் தட்டுங்கள். ஒரே சுருதியில் ஒலித்தால் சரி, நடுவே மொட்டைச் சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது.

கீழே குனிந்து எஞ்சின் அடித்தட்டைப் பாருங்கள். அதில் கீறல் இருப்பது தப்பில்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. தட்டைத் தாண்டி ஃப்ரேமின் அடியில் வாங்கிய அடிதான் கவலை. ஹேண்டில் முனை, கிளட்ச் லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம் எல்லாமே ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் ஓடும்போது விழுந்த வண்டி. எல்லாம் புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. அதைத் திருப்பிவைக்க அதிக நேரம் ஆகாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைப் பார்க்கலாம். விற்பவரையே கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். வரத் தயங்கினால் அதுவே பதில்.

ஓட்டிப் பார்ப்பதைத் திருப்பதி டவுனில் செய்து பயனில்லை. பாக்கராபேட்டை காட் மாதிரி ஓர் ஏற்ற இறக்கம் வேண்டும். ஏறும்போது மூன்றாம் கியரில் முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டுப் பிரேக்கைப் பிடியுங்கள்; லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. இதற்குத் திருமலை மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அங்கே குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள், முந்தி வந்து சேர்ந்தால் அபராதம். பக்தர்கள் போகிற பாதையில் பிரேக் சோதனை செய்வது முறையும் இல்லை.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேஷாசலம் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு, செம்மரம் விளைகிற காடு. அட்வெஞ்சர் பைக் இருக்கிறது என்று அனுமதியில்லாமல் உள்தடங்களில் நுழைந்தால் வனத்துறை கேட்கும், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையும் கேட்கும். பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய சாலைகளில் யானைகள் நடமாடும். இருட்டிய பிறகு அங்கே வண்டியோடு இருக்க வேண்டாம்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொட்டிவிடாமல் பதினைந்து, இருபதாயிரத்தை ஒதுக்கி வையுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட், இரண்டு டயர், கோன் செட், ஆயில் என்று முதல் மாதமே அது போய்விடும். நல்ல ஹெல்மெட்டும் இதற்குள் வரவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், 2020, 2021 வண்டிகளுக்கு அது முடிந்திருக்கும் அல்லது முடியப்போகிறது. இன்சூரன்ஸ் இருக்கு சார் என்ற சொல்லை நம்பாமல் தாளில் தேதியைப் பாருங்கள். வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்திருந்தால் பைனான்ஸ்காரரின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிலுவைச் சலான்களை எண்ணை வைத்துப் பார்த்து விற்பவரையே கட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டி விபத்து நடந்தால் பழைய ஓனரும் நீங்களும் சேர்ந்து கோர்ட்டுக்கு நடப்பீர்கள். ஆகவே பேசிய விலையில் ஒரு பகுதியை, பத்தாயிரமாவது, ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும்வரை கையிலேயே வைத்திருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும், வாங்காதீர்கள்.