உங்களுக்குப் பிறகு பூனையை யார் பார்ப்பார்கள்?

வீட்டுப் பூனை 15 ஆண்டுகள் வாழும். சில 20 வயதையும் தொடும். 65 வயதில் குட்டி வளர்க்கத் தொடங்குபவர் இந்தக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். ஜவ்வாது மலையில் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட, முதியவரும் சாமை மூட்டைக்குக் காவலிருக்கும் பூனையும் மட்டுமே உள்ள வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

பூனை பெயரில் சொத்து எழுதலாமா?

முடியாது. சட்டத்தின் பார்வையில் பூனையே ஓர் உடைமைதான். எனவே பூனையையும் அதன் செலவுக்கான பணத்தையும் நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு உயிலில் எழுத வேண்டும். 2024 அக்டோபர் 9 அன்று மறைந்த தொழிலதிபர் ரத்தன் டாடா, டிட்டோ என்ற தன் நாயைச் சமையல்காரரின் பொறுப்பில் விட்டதாகவும், வளர்ப்புப் பிராணிகளுக்கென 12 லட்சம் ரூபாய் ஒதுக்கியதாகவும் செய்திகள் வந்தன.

சாதாரண உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். பூனையைப் பார்த்துக்கொள்பவரையே சாட்சியாக்காமல் இருப்பது நல்லது.

உயில் மட்டும் போதுமா?

போதாது. உயிலைப் பிரித்துப் படிக்க வாரக்கணக்கில் ஆகலாம். பூனைக்கு அடுத்த வேளையே பசிக்கும். வளர்த்தவரைக் காணாமல் சில பூனைகள் சாப்பாட்டைத் தொடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும்.

அதனால் ஒருவரிடம் இப்போதே சம்மதம் கேளுங்கள். அவரால் முடியாவிட்டால் பார்க்க இன்னொருவரும் வேண்டும். அவ்வப்போது அவர்கள் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிடும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டது, கருத்தடை ஆனதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புது வீட்டுக்குப் போகும்போது அது படுத்த பழைய சாக்கும் கூடவே போகட்டும். இரண்டு வாரமாவது உள்ளேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும்.

காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

சோறு வைத்து வளர்த்த பூனை நாய்க்கோ பசிக்கோ இரையாகும். பிழைத்தாலும் காட்டுப் பறவைகளை வேட்டையாடும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

உயிலைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டாரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.