குழாய்க்குள் அடங்கிய ஆற்றல்

நம் நாட்டு அடுப்புகளுக்கு உருளையில் அடைபட்டு வருவது திரவமாக்கிய பெற்றோலிய வாயு. எம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரிலோ, நிலத்தின் கீழ்ச் செல்லும் குழாய்வழியே இயற்கை வாயு வீடு தேடி வருகின்றது. பனிக்காலத்தில் பெரும்பாலான இல்லங்களைச் சூடாக்குவது அதுவே.

நெடுந்தொலைவிலிருந்து வரும் அவ்வாயுவை உந்துதற்கு வழிநெடுக அமுக்கும் நிலையங்கள் உள்ளன. பெருங்குழாய்களில் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 50, 60 மடங்காதலும் உண்டு. அவ்வளவு அமுக்கத்தை உண்டாக்கப் பெரும்பாலும் அவ்வாயுவிலேயே ஒரு பங்கை எரிக்கின்றனர். ஆனால் வீட்டடுப்புக்கோ, வெளிக்காற்றினும் சிறிதளவே மிகுந்த அமுக்கம் போதும். ஆகவே நகரின் எல்லையில் வால்வு ஒன்றன் இடுக்கு வழியே வாயுவை நெருக்கிவிட்டு அமுக்கத்தைத் தணிக்கின்றனர். பொருள் செலவிட்டு ஊட்டிய ஆற்றல் அங்கே ஒரு வேலையும் செய்யாது ஒழிகின்றது.

லக்சபானாவில் உயரத்திலிருந்து வீழும் நீரைச் சுழலியிற் பாய்ச்சி மின் பெறுகின்றோம் அல்லவா? அமுக்கத்தின் வீழ்ச்சியையும் அவ்வாறே பயன்படுத்தலாம். வால்வு இருந்த இடத்தில் விரிவுச் சுழலி ஒன்றைப் பொருத்தினால், விரியும் வாயு அதன் சக்கரத்தைச் சுழற்றும். அச்சிற் பூட்டிய மின்பிறப்பாக்கி மின்னைத் தரும். வாயு எரிவதில்லை, சிறிதும் குறைவதுமில்லை.

அப்படியாயின் இஃது இலவச மின்சாரம் அன்றோ என்று மாணவர் வினவக்கூடும். அன்று.

விரியும் வாயு குளிரும். வால்வின் வழியே செல்லும்போது, வளிமண்டல அமுக்கம் ஒன்று குறையுந்தோறும் இயற்கை வாயுவின் வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகை சென்ரிகிறேட் தாழும். வாயுக்களின் இவ்வியல்பை யூல், தொம்சன் என்னும் அறிஞர் இருவர் 1852இல் ஆராய்ந்தனர். சுழலியிலோ வாயு வேலையும் செய்வதால் குளிர்ச்சி பன்மடங்காகும். ஈரம் சிறிது இருந்தாலும் போதும். வாயுவும் நீரும் கூடிப் பனிக்கட்டி போன்ற திண்மமாகிக் குழாயை அடைத்துவிடும். நீரின் உறைநிலைக்கு மேலேயே இது நிகழும் என்பதுதான் வியப்பு. வாயுக் குழாய்களை அடைப்பது வெறும் பனிக்கட்டியன்று, இத்திண்மமே என்பதை அமெரிக்கரான ஹமர்ஷ்மிட் 1934இல் எடுத்துக்காட்டினார்.

ஆதலின் சுழலிக்குட் புகுமுன் வாயுவைச் சூடாக்க வேண்டும். வெப்பத்துக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்குப் பணம் வேண்டும். ஆயினும் இக்கணக்கில் ஓர் ஆதாயம் மறைந்திருக்கின்றது. வழக்கமான அனல் மின்நிலையம் ஒன்று தான் பெறும் வெப்பத்திற் பாதியையோ அதனினும் குறைந்த பங்கையோதான் மின்னாக்க வல்லது. இங்கோ, வாயுவுக்கு ஊட்டிய வெப்பத்தின் பெரும்பங்கு மின்னாகவே திரும்பி வருகின்றது. அவ்வாறு மாற்றித் தருவது, வீணாகவிருந்த அந்த அமுக்கமே. அவ்வெப்பமும் வேறோரிடத்திற் கழிவாகும் வெப்பமாக அமையின் இலாபம் இரட்டிக்கும்.

ரொறன்ரோவில் என்பிரிட்ஜ் வாயு நிறுவனம் 2008இல் செய்துகாட்டியது இதனைத்தான். அங்கு 1.2 மெகாவற்று எரிபொருட்கலம் ஒன்றை நிறுவினர். வாயுவைச் சுடர்விட்டு எரிக்காமல் வேதிமாற்றத்தால் மின்னைப் பெறும் இக்கலம், 650 பாகை சென்ரிகிறேட் அளவிலே இயங்குவது. அதிலிருந்து வெளியேறும் வெப்பத்தால் குழாய்வாயுவைச் சூடேற்றி, 1 மெகாவற்றுச் சுழலி ஒன்றை இயக்கினர். இரண்டுங் கூடி 2.2 மெகாவற்று.

இத்துணை நல்ல முறை ஏன் நகர்தோறும் பரவவில்லை? வால்வின் விலை சிறிது. சுழலியின் விலை பெரிது. அப்பெருவிலை மீள வேண்டுமாயின் பொறி ஆண்டு முழுவதும் ஓடவேண்டும். குளிர்நாட்டிலோ தை மாதத்தில் வெள்ளமெனப் பாயும் வாயு, வீடுகளுக்குச் சூடு வேண்டாத ஆடி மாதத்தில் மெலிந்துபோகின்றது. ஆகவே பொறியியலாளர் சுழலியின் அளவைத் தீர்மானிக்கும்போது, தை மாதத்துப் பெருக்கை விடுத்து, ஆடியிலும் குறையாத ஓட்டம் எவ்வளவு என்பதையே முதலில் அளந்து பார்க்கின்றனர்.