இயந்திரம் சுழன்றும் கிளம்பாத கார்

நள்ளிரவில் நோயாளியை ஏற்றியபின், இயந்திரம் சுழல்கிறதேயன்றிக் கார் கிளம்பவில்லையெனில், முதலில் 108-ஐ அழையுங்கள். பழுதைப் பிறகு ஆராயலாம்.

ஸ்டார்ட்டர் விரைந்து சுழன்றால் பேட்டரி நலமே. பெட்ரோல் வண்டியாயின் குறை பெரும்பாலும் எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கும். டாங்கில் பெட்ரோல் உண்டா? நகைக்க வேண்டாம், அது தீர்ந்தே நின்ற வண்டிகளை நாம் கண்டதுண்டு. பின்னாளைய கார்களில் சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கம் பம்பின் மெல்லொலி எழும். எழாவிடில் ஃபியூஸைப் பாருங்கள். பழைய அம்பாசிடராயின் மழைக்காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் சேரும். கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பலவேளை போதும்.

2021 நவம்பரில் நம் மாவட்டத்தைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தில் கார் மூழ்கியிருப்பின் கதை வேறு. காற்று வடிகட்டி நனைந்திருக்கையில் சாவியைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் புகுந்த நீர் பிஸ்டனின் அழுத்தத்திற்குச் சுருங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். மெக்கானிக் வந்து பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றட்டும்.