கிட்னி டாக்டரும் ஒரு சோதனைக் குழாயும்!

சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்க வருகிறவர்கள், வெயிலில் பாறை ஏறி இறங்கியதும் முதலில் தேடுவது சமணர் வரலாற்றை அல்ல ஸார், இளநீரை! அங்கே இளநீர் விற்கிறவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. அத்தை காய் சீவ, மாமா காசு வாங்கிப் போடுவார். ஆனால், ஒரு வாய் குடிக்க மாட்டார். குடிக்கக் கூடாது. இரண்டு கிட்னியும் அவுட். இளநீரில் இருக்கிற பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால், இதயமே நின்றுவிடலாம்.

வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டைக்கு பஸ். நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

''மேல ஏழடிப்பட்டத்துல சாமியாருங்களுக்குக் கல்லுல படுக்கை மாப்ளே... நமக்கு மெத்தை! யாரு குடுத்து வெச்சவன்?'' என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. காரணம், இத்தனைக்கும் ஆரம்பம் வெறும் பிரஷர். வருஷக்கணக்கில் இருந்திருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

துணைக்குப் போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அதன் கதையைத் தேடிப் படித்தேன். 1943-ல், ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்த ஹாலந்தில், காம்பன் என்ற ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் செய்தது அது. மரச்சட்டங்களால் ஒரு உருளை. அதன்மேல், இறைச்சிக் கடையில் 'சாஸேஜ்' அடைக்கப் பயன்படுகிற செலோஃபேன் குழாய். நோயாளியின் ரத்தம் குழாய்க்குள் ஓட, உருளை உப்புத் தண்ணீரில் சுற்றும். கழிவு வெளியே கசியும், ரத்தம் உள்ளேயே நிற்கும். வந்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மனிதர் விடவில்லை. 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்து எழுந்தார்!

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். டாக்டர் எம்.கே. மணி. பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் சிறுநீரக நிபுணராக இருந்தவர். எமர்ஜென்ஸியில் சிறைவைக்கப்பட்ட ஜெயப்பிரகாஷ் நாராயண், 1975 நவம்பரில் கிட்னி பழுதாகி வெளியே வந்தபோது, சிகிச்சை கொடுத்தவர் இவர்தான். டயாலிசிஸிலேயே ஜே.பி. நாலு வருஷம் வாழ்ந்தார். 1977-ல் ஆட்சி மாறியதையும் கண்ணால் பார்த்தார்.

பிறகு மணி சென்னை அப்போலோவுக்கு வந்தார். 1991-ல் பத்மபூஷண். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மெஷின்... 'போதும்' என்று உட்கார்ந்திருக்கலாம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை ஏழைகளுக்கு இந்த நாட்டில் யார் ஆயுசு பூராவும் டயாலிசிஸ் செய்வது? அந்த நிலைமைக்கே அவர்களைப் போகவிடாமல் தடுத்தால் என்ன?

'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் சென்னைக்கு வெளியே சுமார் 25,000 பேர் வசிக்கும் கிராமங்களை எடுத்துக்கொண்டார். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். கையில் பிரஷர் பார்க்கிற கருவியும் சோதனைக் குழாயும். சிறுநீரில் கொஞ்சம் அமிலம் விட்டால், புரதம் இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சினால், சர்க்கரை இருந்தால் நிறம் மாறும். பள்ளிக்கூட லேபில் நாம் செய்த அதே சமாச்சாரம்தான்! பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குக் கிடைத்ததிலேயே விலை மலிவான மாத்திரைகள். அதில் ஒன்று, சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த ரிசர்பின். தலைக்கு வருஷச் செலவு அரை டாலர்கூட ஆகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்ததை உலக மருத்துவப் பத்திரிகைகளில் எழுதினார்.

மெஷின் பக்கத்திலேயே வாழ்ந்தவர், மெஷினே தேவைப்படாமல் இருக்க வழி தேடினார் பாருங்கள், அதுதான் ஸார் பெரிய ஆராய்ச்சி!

நாம் என்ன செய்கிறோம்? முதுகு வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வலி மாத்திரை வாங்கி, வாரக்கணக்கில் முழுங்குகிறோம். அது கிட்னிக்கு ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால் போதும். அரை நாள் லீவு! அதற்கு மேனேஜரிடம் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. பைக்குக்கு ஆயில் ஃபில்டரைத் தேதி பார்த்து மாற்றுகிற நாம், இந்த ஃபில்டரைக் கொஞ்சம் கவனிக்கக்கூடாதா? இதற்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட் கிடையாது!