வர்ணம் மாற்றப்பட்ட பழைய குண்டுகள்

1949-இல் கொச்சியுடன் இணையும் வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்குத் தனிப் படை இருந்தது. ஆகவே அதன் தலைநகராயிருந்த திருவனந்தபுரத்தில், பழைய படைவீரர் இல்லங்களிலோ பள்ளிக் காட்சி அறைகளிலோ தோட்டாவும் பீரங்கிக் குண்டும் நினைவுப் பொருள்களாகக் காணப்படின் வியப்பதற்கில்லை. துரு மறைவதற்காக இத்தகைய பொருள்களுக்குப் புதிதாக வர்ணம் பூசுவோர் உண்டு. அவ்வர்ணத்தைக் கொண்டு குண்டின் இனத்தை நிர்ணயிப்பது அபாயகரமானது.

முதல் உலகப் போரில் (1914-1918) பிரிட்டிஷ் படையினர் லிட்டைட் என்னும் வெடிமருந்து நிரப்பிய குண்டுக்கு மஞ்சள் பூசினர். சிறு ஈயக் குண்டுகளைச் சிதறச் செய்யும் ஷ்ராப்னலுக்குக் கறுப்பு. பிற்காலத்தில் நேட்டோ நாடுகள் வெடிகுண்டுக்கு ஆலிவ் பச்சையும் மஞ்சள் எழுத்தும், பயிற்சிக் குண்டுக்கு நீலமும் வகுத்தன. அழகுக்காகக் கறுப்புப் பூசுகிறவர் தம்மை அறியாமலே ஓரினத்தை மற்றோரினமாகக் காட்டிவிடுகிறார். லிட்டைட் என்பது பிக்ரிக் அமிலமே. அது ஈயத்துடன் சேர்ந்தால், சிறு உராய்விலும் வெடிக்கவல்ல உப்பு உண்டாகும். ஆதலால் அக்குண்டுகளுக்கு ஈயம் கலவாத வர்ணமே உபயோகிக்கப்பட்டது. கடையில் வாங்கிப் பூசுகிறவர் டப்பாவில் என்ன கலந்திருக்கிறதென்று பார்ப்பதில்லை!

பழமையும் பாதுகாப்பு ஆகாது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையின் பாழுங்கிணற்றிலிருந்து 2018-இல் திப்பு சுல்தான் காலத்து இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் எடுக்கப்பட்டன. இரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவற்றிற் சிலவற்றினுள் மருந்து எஞ்சியிருந்தது. எனவே ஐயத்திற்குரிய குண்டை நகர்த்தவோ, சுரண்டவோ, துளையிடவோ கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுப் போலீசாருக்கு அறிவித்தல் வேண்டும். உயிருள்ள தோட்டாவை உரிமமின்றி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும்.

வெடிகுண்டு நிபுணர் வெறுங்கூடென்று சான்றளித்த பின்னரே ஆராய்ச்சி தொடங்கலாம். பீரங்கிக் குண்டின் அடிப்பகுதியைச் சுற்றிச் செம்பு வளையம் ஒன்று இருக்கும். அதற்கு வர்ணம் பூசுவது வழக்கமன்று. அதன்மேலும் பூச்சுப் படர்ந்திருப்பின் அது பிற்கால வேலை என ஊகிக்கலாம். பீரங்கிக் குழலின் வரிகள் அவ்வளையத்தில் பதிந்திருப்பின், குண்டு சுடப்பட்டதாகும். (சுடப்பட்டும் வெடியாத குண்டு, சுடப்படாததினும் கொடியது.) தோட்டாவாயின், அதன் அடித்தட்டில் டார்ச் ஒளியைச் சாய்வாகச் செலுத்தினால் பூச்சினடியிலுள்ள எழுத்துக்கள் நிழலாகத் தெரியும். கே, எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்களும் நடுவே அம்புக் குறியும் காணின், அது கிர்க்கியில் செய்யப்பட்டது. உடனிருக்கும் ஈரிலக்கம் ஆண்டு. தட்டின் நடுவிலுள்ள குமிழில் ஊசிக் குழி இருப்பதுகொண்டு மருந்து தீர்ந்துவிட்டதென்று கருதலாகாது; குதிரை தட்டியும் தீப்பற்றாத தோட்டாவிலும் அக்குழி விழும்.

வர்ணத்தின் வயதை அறிய எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி உதவும். டைட்டானியம் வெள்ளை 1920-ஐ ஒட்டியே வர்ணத் தொழிலில் புழக்கத்திற்கு வந்தது. 1914-ஆம் ஆண்டுக் குண்டின் வெள்ளை எழுத்தில் டைட்டானியம் தென்படுமாயின், அவ்வெழுத்து பின்னர் எழுதப்பட்டதே.