ஆதனவரியும் மக்கள் வாக்கும்

நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் விதிக்கப்படும் ஆதனவரி உள்ளூராட்சி மன்றங்களின் பழைய வருவாய்களுள் ஒன்று. யாழ்ப்பாணத்திற் சோலைவரி என வழங்குவதும் இவ்வினத்ததே. நிலத்தை ஒளித்துவைத்தல் இயலாது. ஆதலின் அதன்மீது வரி விதித்தல் எளிது. ஆயின், நிலத்தின் விலை உயருந்தோறும் அதனை உடையவனின் கைப்பொருளும் உயரும் என்பதற்கில்லை. இம்முரண்பாட்டைத் தம் வாக்கினாலேயே தீர்க்க முற்பட்டவர் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநில மக்களாவர்.

அம்மாநில வாக்காளர், போதிய கையொப்பந் திரட்டித் தாமே ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ முன்மொழிந்து வாக்கெடுப்புக்கு விடும் உரிமையை 1911ஆம் ஆண்டிற் பெற்றனர். 1970களில் அங்கு வீட்டு விலைகள் விரைந்து ஏறின. விலையைத் தொடர்ந்து வரியும் ஏறியது. இளைப்பாற்றுச் சம்பளத்தில் வாழ்ந்த முதியோர், தம் வீட்டை விற்காமலே அதன் விலையேற்றத்திற்கு வரி இறுக்க வேண்டியவராயினர். அரசின் திறைசேரியில் மிகைப்பணம் இருந்தும், சட்டசபை காலத்தில் நிவாரணம் அளிக்கவில்லை. ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் என்னும் இருவர் முன்னின்று கொணர்ந்த பதின்மூன்றாம் இலக்க முன்மொழிவு, 1978 யூன் 6ஆம் நாள் ஏறக்குறைய 65 வீத வாக்குகளால் நிறைவேறிற்று.

அதன் விதிகள் நான்காகத் தொகுக்கத்தக்கன. வரி, முன்னரே மக்கள் இசைந்த கடன்களுக்குரிய பகுதி நீங்கலாக, ஆதனப் பெறுமதியின் 1 வீதத்தை விஞ்சலாகாது. பெறுமதி 1975ஆம் ஆண்டின் நிலைக்குக் குறைக்கப்பட்டு, அதன்பின் ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் ஏறலாகாது. ஆதனம் கைமாறும்போதும் புதிதாகக் கட்டப்படும்போதுமே சந்தை விலைக்கேற்ப மதிப்பிடல் வேண்டும். மாநில வரிகளை உயர்த்தச் சட்டசபையின் இரு மன்றங்களிலும், உள்ளூர்ச் சிறப்பு வரிகளை விதிக்க வாக்காளரிடத்தும், மூன்றிலிரு பங்கு ஆதரவு வேண்டும்.

இவற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1975இல் 50,000 டொலர் பெறுமதியான வீடொன்று கைமாறாதிருப்பின், முப்பதாண்டுகளின் பின்னும் அதன் வரிப்பெறுமதி ஏறக்குறைய 90,600 டொலரே. வரி 906 டொலர். அதனையொத்த அயல் வீட்டை 2005இல் 500,000 டொலருக்கு ஒருவர் வாங்கினார் எனக் கொள்க. அவர் இறுக்கும் வரி 5,000 டொலர். வீதி ஒன்று, வீடும் ஒரு தன்மையது. வரியோ ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. இவ்வேற்றுமை சமத்துவத்துக்கு மாறானதென 1988இல் வீடு வாங்கிய ஒருவர் தொடுத்த வழக்கை, ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1992இல் தள்ளியது. புதிதாய் வாங்குவோர் வரியை அறிந்தே வாங்குகின்றனர். முன்னரே குடியிருப்போர்க்கு அத்தெரிவு இல்லை என்பது அது காட்டிய நியாயங்களுள் ஒன்று.

உள்ளூராட்சிக்கு நேர்ந்த மாற்றமும் பெரிது. ஆதனவரி வருவாய் பாதிக்குமேல் வீழ்ந்தது. மாநில அரசு தன் மிகைப்பணத்தால் மன்றங்களைத் தாங்கியது. ஆயின், எஞ்சிய வரியைப் பங்கிடும் அதிகாரமும் அதன் கைக்கே சென்றது. வரிச்சுமையைக் குறைக்க அளித்த வாக்கு, மக்கள் தம் அயலிலுள்ள மன்றத்தின் ஆற்றலையுங் குறைத்தது. மன்றங்கள் வேறு வருவாய் தேடின. குடியிருப்பு மனைகளிலும் பார்க்க, விற்பனைவரி தரும் கடைத்தொகுதிகள் அவற்றுக்கு இனியவாயின. புதிய வீடுகளைக் கட்டுவோர்மீது கட்டணங்கள் பெருகின. பழைய வரியை இழக்க விரும்பாதோர் வீடுகளை விற்கத் தயங்கினர். கலிபோர்ணியாவின் வீட்டுப் பஞ்சத்துக்கு இதுவே முழுக் காரணம் எனல் பொருந்தாது; நிலப்பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளும் காரணமாம். எனினும் இதன் பங்கு சிறிதன்று.

பின்வந்த வாக்கெடுப்புகள் இக்கட்டிடத்தின் கிளைகளைத் திருத்தின, அடித்தளத்தை அசைத்தில. பெற்றோரின் வீட்டைப் பழைய வரிப்பெறுமதியுடன் பிள்ளைகள் அடையும் சலுகை 1986இல் வழங்கப்பட்டது. பிள்ளை அவ்வீட்டிற் குடியிருத்தல் வேண்டுமென 2020இல் அது சுருக்கப்பட்டது. பெரும் வணிக ஆதனங்களைச் சந்தை விலைக்கு மதிப்பிடும் முன்மொழிவு அதே ஆண்டிற் சிறு வேறுபாட்டால் தோற்றது. வீடமைப்புக்கான உள்ளூர்க் கடன்முறிகளுக்கு மூன்றிலிரு பங்குக்குப் பதிலாக 55 வீத ஆதரவு போதும் என்ற முன்மொழிவையும் 2024இல் வாக்காளர் நிராகரித்தனர்.

முதியோரை அவர்தம் இல்லத்தினின்றும் நீங்காது காத்தது இவ்விதியின் பயன். அதனை மறுத்தல் முறையன்று. ஆயின், அக்காப்பின் விலையை இறுப்போருட் பலர் 1978இல் வாக்களிக்கும் வயதினை எய்தாதோரும், அன்று பிறவாதோருமாவர். தன் சுமையைக் குறைக்க வாக்களிக்கும் தலைமுறை, அச்சுமை யார் தோளிற் சென்று தங்கும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். மக்களாட்சியில் வாக்குரிமையோடு இணைந்த கடமை இதுவேயாம்.